டீ தம்ளரில் தொடங்கலாம்: மலையில் வாழும் சர்க்கரைக்காரர்கள் என்ன குடிப்பது? முழு வழிகாட்டி

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை கதவைத் திறந்தால் புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியது போல உறைபனி கிடக்கும். அந்தக் குளிரில் எங்கள் வீட்டில் முதலில் அடுப்பேறுவது டீச்சட்டி. எழுந்ததும் ஒரு டீ, வேலைக்குக் கிளம்பும்போது ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, வேலை முடிந்து வந்ததும் ஒன்று, யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்களோடு சேர்ந்து ஒன்று. மலையில் டீயைத் தாகத்துக்கா குடிக்கிறோம்? குளிருக்குக் குடிக்கிறோம், களைப்புக்குக் குடிக்கிறோம், வந்தவரை மதித்துக் குடிக்கிறோம்.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். சுகர் இருக்கிறது என்று தெரிந்ததும் இனிப்பை நிறுத்தினார், சோற்றைப் பாதியாக்கினார், கிழங்கைத் தொடவே இல்லை. ஆனாலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 200-க்குக் கீழே இறங்கவில்லை. "நான் ஒண்ணுமே சாப்பிடறதில்லையே" என்று அழுதார். உண்மைதான், சாப்பிடவில்லை. குடித்தார். ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோதுதான் ஏழு தம்ளர் டீ என்று தெரிந்தது.

சமவெளிக்காரர்களுக்காக எழுதும் குறிப்புகளில் "கூல்டிரிங்ஸை விடுங்கள், மோரும் இளநீரும் குடியுங்கள்" என்று இருக்கும். எட்டு டிகிரி குளிரில் யாருக்கு மோர் இறங்கும்? அதனால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வாழ்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். குழப்பம் வராமல் இருக்க, நோயைச் சர்க்கரை அல்லது சுகர் என்றும் டீயில் போடுவதைச் சீனி என்றும் சொல்கிறேன்.

முதல் படி: மூன்று நாள் எழுதி வையுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். வழக்கம்போலக் குடியுங்கள். தண்ணீர் தவிர வாய்க்குள் போகும் ஒவ்வொரு பானத்தையும் ஒரு தாளில் குறியுங்கள்: எத்தனை மணிக்கு, என்ன, எவ்வளவு, சீனி எத்தனை ஸ்பூன். மூன்று நாளில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாகவோ விருந்தாளி வரும் நாளாகவோ இருந்தால் நல்லது.

ஸ்பூனையும் ஒரு முறை பாருங்கள். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சீனி ஏறக்குறைய 4 கிராம். நம் வீடுகளில் யாரும் தலைதட்டிப் போடுவதில்லை, குவித்துத்தான் போடுகிறோம். அம்மாவின் ஏழு தம்ளருக்கும் தம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலே 56 கிராம் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவுப்படி, ஒரு நாளில் நாம் எடுக்கும் மொத்தக் கலோரியில் சேர்த்த சீனியும் தேனும் பழச்சாற்றுச் சீனியும் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம், 25 கிராம். சுகர் இல்லாதவருக்கே அவ்வளவுதான். அம்மா டீயிலேயே அதைத் தாண்டியிருந்தார்.

பாலிலும் இயற்கையான சர்க்கரை உண்டு, 100 மில்லியில் சுமார் 5 கிராம். பாலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் முழுப்பாலில் போட்ட டீ ஏழு தம்ளர் என்றால் அதுவும் கணக்கில் சேரும்.

இரண்டாம் படி: டீயை விடாமல் சீனியை விடுவது

இந்தப் படியில்தான் அதிக நாள் செலவாகும். அவசரப்பட வேண்டாம்.

ஒரே நாளில் சீனியை நிறுத்தியவர்கள் பெரும்பாலும் பத்தாவது நாள் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் வாரத்துக்குக் கால் ஸ்பூன் குறைத்தோம். இரண்டு ஸ்பூன் ஒன்றேமுக்கால் ஆனது, அடுத்த வாரம் ஒன்றரை. இப்படி இரண்டு மாதத்தில் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். நாக்கு மெல்ல மெல்லப் பழகிக்கொள்கிறது. அதற்குப் பிறகு யாராவது பழைய அளவில் சீனி போட்டுக் கொடுத்தால் பாயசம் போலத் திகட்டும். இன்சுலினோ கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு சீனியைக் குறைக்கும்போது அதே மருந்தளவில் சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு. தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் தூள். டீக்கு ஏன் சீனி கேட்கிறது என்று யோசித்துப் பாருங்கள். டஸ்ட் தூளைப் பாலோடு போட்டுக் கொதிக்கக் கொதிக்க விட்டால் கசப்பும் துவர்ப்பும் முழுக்க இறங்கிவிடும். அதை மூடத்தான் சீனி. நம் மலையிலேயே ஆர்த்தடாக்ஸ் இலைத் தேயிலை கிடைக்கிறது. டிசம்பர், ஜனவரிப் பனியில் கிள்ளும் கொழுந்துக்கு வாசனை தனி, அதை வெளிநாட்டுக்காரர்கள் சீனியும் பாலும் இல்லாமல் விரும்பிக் குடிக்கிறார்கள். கிள்ளிக் கொடுத்த நம் வீடுகளில்தான் அதன் ருசி தெரியாது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, ஒரு தம்ளருக்கு ஒரு டீஸ்பூன் இலை போட்டு மூடி, மூன்று நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள். இரண்டு துளசியிலையோ ஒரு துண்டு இஞ்சியோ இரண்டு ஏலக்காயோ போட்டால் சீனி இல்லாத குறை தெரியாது. இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் பிளேன் டீ என்றும், கூடலூர்ப் பக்கம் கட்டஞ்சாயா என்றும் சொல்வது இதைத்தான். ஆனால் பிளேன் டீயைக் குடித்துக்கொண்டே உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கும் பழைய பழக்கம் இருந்தால் அதையும் தாளில் எழுதுங்கள். தம்ளரில் இல்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது.

கடையில் எப்படிச் சொல்வது? "சீனி கம்மி" என்பதற்கு ஒவ்வொரு மாஸ்டரும் ஒரு பொருள் வைத்திருக்கிறார். பல கடைகளில் கிளாஸில் முதலிலேயே சீனியைப் போட்டுவிட்டுத்தான் டிகாஷனும் பாலும் ஊற்றுவார்கள். அதனால் கிளாஸை எடுக்கும் முன்பே "சீனி இல்லாம, லைட்டா ஒண்ணு" என்று சொல்லிவிடுங்கள். பாலிலேயே சீனி சேர்த்துக் காய்ச்சும் கடையாக இருந்தால் கருப்பு டீ கேளுங்கள்.

வீடுகளுக்குப் போகும்போது இன்னும் சிரமம். படுகர்களின் ஊரான ஹட்டியானாலும் தோட்டத்து லைன் வீடானாலும் உள்ளே நுழைந்ததும் டீ வந்துவிடும். வேண்டாம் என்றால் மனம் புண்படும். அம்மா கண்டுபிடித்த வழி இது: உட்காரும் முன்பே, "அக்கா, எனக்குச் சுகர் இருக்கு, சீனி போடாம அரைத் தம்ளர் குடுங்க, உங்க வீட்டு டீயைக் குடிக்காமப் போக மாட்டேன்" என்பார். கேட்டு வாங்கிக் குடிப்பதால் யாருக்கும் வருத்தம் இல்லை. சில வீடுகளில் "எனக்கும்தான் இருக்கு" என்று அந்த அக்காவும் சொல்லியிருக்கிறார்.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் எல்லாம் பரவாயில்லையா என்று எல்லோரும் கேட்பார்கள். பரவாயில்லை என்று சொல்ல முடியாது. கருப்பட்டியிலும் வெல்லத்திலும் சிறிது தாது உப்புகள் இருக்கலாம், ஆனால் பெரும்பகுதி சீனியேதான். மலைத்தேன் அருமையான பொருள். காட்டில் எடுப்பவரின் உழைப்பும் பெரிது. ஆனால் தேனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. கனமான பொருள் என்பதால் ஒரு ஸ்பூன் தேனில் ஒரு ஸ்பூன் சீனியை விடச் சற்று அதிகமாகவே சர்க்கரை இருக்கும்.

சீனிக்குப் பதிலாக விற்கும் இனிப்பு மாத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023-இல் உலக சுகாதார நிறுவனம், உடல் எடையைக் குறைக்க இவற்றை நம்ப வேண்டாம் என்றது. ஆனால் ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். என் எண்ணம்: சீனியை விடும் அந்த இரண்டு மாதத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். நாக்கு இனிப்பையே தேடிக்கொண்டிருக்கும்படி வருடக்கணக்கில் தொடர வேண்டியதில்லை.

டீயோடு வரும் வர்க்கியை மறக்கக் கூடாது. மைதாவும் வனஸ்பதியும் சேர்ந்த பண்டம் அது. சீனி இல்லாத டீயில் நான்கு வர்க்கி நனைத்துத் தின்றால் செய்த முயற்சி வீண். அதேபோல, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் டீயோடு விழுங்கக் கூடாது, உடலில் சரியாகச் சேராது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபியைத் தவிர்க்கச் சொல்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி. காலையில் தைராய்டு மாத்திரை போடுபவர்கள் டீக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காபி வீடுகளுக்கும் இதே முறைதான். டிகாஷனைச் சற்றுத் தண்ணீராக்கி, பாலைக் குறைத்து, சீனியை வாரம் கால் ஸ்பூன் குறையுங்கள். சிலருக்குக் காபியில் உள்ள காஃபீனே சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும். உங்களுக்கு எப்படி என்பதை ஐந்தாம் படியில் பார்க்கலாம்.

மூன்றாம் படி: தாகம் எடுக்காத ஊரில் தண்ணீர்

குளிரில் தாகம் குறைவாகத் தெரியும், சிறுநீர் அதிகம் போகும். சர்க்கரை 180-க்கு மேல் போகும்போது சிறுநீரகம் சர்க்கரையை வெளியே தள்ளத் தொடங்கும், அதோடு தண்ணீரும் சேர்ந்து போகும். ஆகவே உடல் வறண்டிருந்தும் நமக்குத் தெரிவதில்லை. சிறுநீர் அடர்மஞ்சளாக இருக்கிறதா என்று பார்ப்பதே எளிய சோதனை.

குளிர்ந்த தண்ணீர் இறங்காது என்பது உண்மை. ஒரு லிட்டர் ஃபிளாஸ்கில் சீரகத் தண்ணீரோ, எலுமிச்சைப் புல் போட்ட வெந்நீரோ, சுக்கும் மல்லியும் தட்டிப் போட்ட நீரோ காலையிலேயே நிரப்பி வையுங்கள். கண்ணில் படும் இடத்தில் இருந்தால் கை தானாகப் போகும். சளி என்று நீலகிரித் தைலத்தை வெந்நீரில் கலந்து குடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது விஷம், சில மில்லியே ஆபத்து. பூசவும் ஆவி பிடிக்கவும் மட்டும்தான்.

தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குக் குளிர் மட்டும் காரணம் இல்லை. பக்கத்தில் கழிப்பறை இல்லை, அதனால் காலையிலிருந்தே வாயை நனைக்காமல் இருப்பார்கள். அம்மா இருபது வருடம் அப்படித்தான் இருந்தார். சர்க்கரை உள்ளவருக்கு அது சிறுநீர்த் தொற்றுக்கு வழி. முழுத் தீர்வு தோட்டத்தை நடத்துபவர்கள் கையில் இருக்கிறது. அதுவரை, வேலைக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு ஒரு தம்ளர், சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு தம்ளர், வீடு திரும்பியதும் மீதி என்று பிரித்துக் குடியுங்கள்.

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை உண்டு. சாலையோரங்களில் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள். ஒரு எவர்சில்வர் பாட்டில் பையில் இருந்தால் பயணத்தில் ஜூஸ் கடையைத் தேட வேண்டியதில்லை. இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் அந்த அளவையே பின்பற்றுங்கள்.

நான்காம் படி: "உடம்புக்கு நல்லது" என்ற பெயரில் வருபவை

கூல்டிரிங்ஸ் கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். 250 மில்லி கோலாவில் ஆறு ஸ்பூனுக்கு மேல் சீனி, அதோடு அதை விட்டுவிடலாம். நம்மை ஏமாற்றுவது நல்ல பெயர் எடுத்தவை.

ராகிக் கஞ்சி. சுகருக்கு ராகி நல்லது என்று சொல்லி மூன்று வேளையும் குடிப்பவர்கள் உண்டு. ராகியில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மாவாக அரைத்து, கொதிக்க வைத்து, நீர்க்கக் கரைத்துக் குடிக்கும்போது அது வேகமாகச் சீரணமாகிறது. 30 கிராம் மாவில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து. எனவே கஞ்சியை ஒரு வேளை உணவாக எடுங்கள், உணவுக்கு நடுவே குடிக்கும் பானமாக எடுக்காதீர்கள். களியாகக் கிளறி அவரைக் குழம்போடு சாப்பிட்டால் இன்னும் மெதுவாக ஏறும்.

கேரட் ஜூஸ். ஊட்டி கேரட்டைக் கடித்துத் தின்பதில் தவறே இல்லை. ஒரு பெரிய கிளாஸ் ஜூஸுக்கு நான்கைந்து கேரட் போகும், நார் எல்லாம் சக்கையில் தங்கிவிடும், மேலே இரண்டு ஸ்பூன் சீனியும் விழும். பிளம்ஸ், பேரிக்காய், ஆரஞ்சு எல்லாவற்றுக்கும் இதே கதை. பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள்.

தாட்பூட் (பேஷன் ஃபுரூட்) பழ ஸ்குவாஷ். சுற்றுலாக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஸ்குவாஷ் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் அதில் கரைந்த திடப்பொருள் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவு விதி. அந்தத் திடப்பொருளில் பெரும்பகுதி சீனி. வேலியில் தாட்பூட் கொடி இருந்தால் ஒரு பழத்தின் சதையை எடுத்துத் தண்ணீரில் கலந்து, துளி உப்பும் மிளகுத்தூளும் போட்டுக் குடியுங்கள். புளிப்பும் வாசனையும் போதும்.

பட்டர் ஃபுரூட் ஜூஸ். கொடைக்கானலில் இதைக் குடிக்காமல் யாரும் இறங்குவதில்லை. பழத்தில் சர்க்கரை மிகக் குறைவு, நார்ச்சத்தும் நல்ல கொழுப்பும் நிறைய. கெடுப்பது அதில் ஊற்றும் பாலும் சீனியும் ஐஸ்கிரீமும். வீட்டில் அரைப் பழத்தை மோர், உப்பு, பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு விட்டு அடித்துப் பாருங்கள். சற்று வெயில் உள்ள மதியத்துக்குச் சரியான பானம்.

சுக்குக் காபியில் கருப்பட்டி இல்லாமல் செய்தால் தாராளமாகக் குடிக்கலாம். பாக்கெட்டில் வரும் மால்ட் பவுடர்களில் மால்ட்டும் சீனியும்தான் முதலிடத்தில் இருக்கும். அட்டையைத் திருப்பி, 100 கிராமில் சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்ற வரியைப் பாருங்கள். இளநீர் ஒரு தம்ளரில் 6 முதல் 9 கிராம் சர்க்கரை, எப்போதாவது ஒன்று குடிக்கலாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் பொட்டாசியம் காரணமாக மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் பதிலாக நான் கை காட்டுவது ரசத்தை. நாலு மணிக்கு மலையில் மூட்டம் இறங்கும்போது உடல் சூட்டைத்தான் கேட்கும். மிளகு ரசமோ, கொல்லையில் மரத்தக்காளி இருந்தால் அந்த ரசமோ, கொள்ளு வேகவைத்த தண்ணீரில் வைத்த ரசமோ ஒரு தம்ளர் சூடாகக் குடித்துப் பாருங்கள். சர்க்கரை மிகக் குறைவு. இரத்த அழுத்தம் இருந்தால் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் மாலை டீ இரண்டில் ஒன்றின் இடத்தை ரசம்தான் பிடித்தது.

ஐந்தாம் படி: உங்கள் உடலிடமே கேளுங்கள்

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், சந்தேகமான ஒரு பானத்தைத் தேர்ந்தெடுங்கள். குடிக்கும் முன் ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பாருங்கள். நீராகப் போவது சீக்கிரம் ஏறும், அதனால்தான் ஒரு மணி நேர அளவு. பெரும்பாலான பெரியவர்களுக்குச் சாப்பிடும் முன் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180-க்குள் என்பது பொதுவான இலக்கு. உங்களுக்கான எண்ணை மருத்துவர் சொல்வார்.

குளிரில் இரண்டு கவனம் வேண்டும். விரல் விறைத்திருந்தால் ரத்தம் வராது, வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மீட்டரும் ஸ்டிரிப்பும் பெரும்பாலும் 10 டிகிரிக்கு மேல்தான் சரியாக வேலை செய்யும். ஜன்னலோரம் கிடந்த மீட்டரை வீட்டுச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். இன்சுலினும் உறைந்துபோனால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

ஆறாம் படி: சீனி தேவைப்படும் நேரம்

இத்தனையும் சொன்ன பிறகு இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உடனே சீனி வேண்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் மங்கல், காரணமில்லாத கோபம் ஆகியவை அடையாளம். இந்தக் குளிரில் ஒருவருக்கு வியர்த்தால் நம் ஊரில் அதுவே எச்சரிக்கை. மீட்டர் இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டாம். குவித்த மூன்று டீஸ்பூன் சீனியை அரைத் தம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், சுமார் 15 கிராம் கிடைக்கும். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. பால் டீயில் கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். டயட் பானத்தாலும் இனிப்பு மாத்திரையாலும் பயன் இல்லை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள்.

சரிவில் கூடையோடு நிற்பவர்களுக்கும் வண்டி ஓட்டுபவர்களுக்கும் இது உயிர்ப் பிரச்சினை. கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. அங்கே தலை சுற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் வந்தாலும் குடிப்பதை நிறுத்தக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ் (உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசல்) ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான், சுகர் உள்ளவரும் குடிக்கலாம். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்பான பானங்கள் அப்படியல்ல. அந்தச் சூத்திரப்படி இல்லாத பானங்களுக்கு ஓஆர்எஸ் என்று பெயர் வைக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் இப்படிப்பட்ட நாளில் மாத்திரையைத் தொடரலாமா என்று மருத்துவரைக் கட்டாயம் கேளுங்கள். எதுவும் வயிற்றில் தங்கவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மது பற்றி ஒரு வார்த்தை. குளிருக்கு இதம் என்பார்கள். கல்லீரல் மதுவைக் கையாளும் வேலையில் இறங்கிவிட்டால் ரத்தத்துக்குச் சர்க்கரை விடுவதைக் குறைத்துவிடும். இன்சுலினோ கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு நள்ளிரவிலும், மறுநாளும்கூடச் சர்க்கரை தாழலாம். தள்ளாட்டத்தைப் பார்ப்பவர் போதை என்று நினைத்துத் தூங்க விட்டுவிடுவார். வீட்டில் செய்த பிளம்ஸ் வைனுக்கும் இது பொருந்தும்.

இப்போது அம்மாவின் ஒரு நாள்

ஐந்தரைக்கு ஒரு தம்ளர் வெந்நீர், தைராய்டு மாத்திரை. ஆறரைக்கு இஞ்சி போட்ட பிளேன் டீ. பத்தரைக்குப் பால் டீ அரைத் தம்ளர், சீனி இல்லை. மதியச் சாப்பாட்டோடு தண்ணீர், வெயில் அடித்தால் மோர். நாலு மணிக்கு ரசம். ஐந்தரைக்குப் பக்கத்து வீட்டு அக்காவோடு இன்னொரு பிளேன் டீ, அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன், பேச்சுக்காக அவர் குடிப்பது அது. இரவு வெறும் பால் முக்கால் தம்ளர். நடுவில் ஃபிளாஸ்க் சீரகத் தண்ணீர் ஒரு முறை நிரம்பி ஒரு முறை காலியாகிறது. இதற்கு நடுவே மருத்துவர் மாத்திரையையும் மாற்றினார், ஆகவே எல்லாம் டீயால்தான் நடந்தது என்று சொல்ல மாட்டேன். போன மாதம் வெறும் வயிற்றில் 128.